ஏரிக்கு அடியில் ஓடும் ஆறு

தூண்டில் போடுகிறவன் முன் எப்போதும் மூன்று கேள்விகள் நிற்கும். எந்தத் தூண்டில், என்ன இரை, எந்த இடம்? முதல் இரண்டுக்கும் கடையில் விடை கிடைத்துவிடும். அலபாமா மாநிலத்தின் வடக்கே, டென்னசி ஆற்றை ஒட்டிய ஊர்களில் பெட்ரோல் பங்கில்கூட மண்புழு டப்பா விற்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் எந்தக் கடையிலும் விடை இல்லை. ஹன்ட்ஸ்வில் பக்கம் குடியேறி இந்த ஆற்றில் மீன் பிடிக்கப் பழகிய காலமெல்லாம் எனக்கு உறுதிப்பட்டு வந்த உண்மை ஒன்று உண்டு: இங்கே மீன் நிற்கும் இடம் தெரிய வேண்டுமென்றால், அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் இன்று நாங்கள் படகு விடும் இடம் ஆறாக இல்லை. டென்னசி ஆற்றின் நீளம் ஏறத்தாழ 1,050 கிலோமீட்டர். அதன் குறுக்கே ஒன்பது அணைகள் படிக்கட்டாக நிற்கின்றன. ஓர் அணையின் தேக்கம் முடியும் இடத்தில் அடுத்த அணையின் அடிவாரம் வந்துவிடும். பழைய ஆறு அந்தத் தேக்கங்களின் அடியில், தன் கரைகளோடும் வளைவுகளோடும் அப்படியே கிடக்கிறது.

அணைகளுக்கு முந்தைய ஆற்றில் இடம் தேடுவது கண்ணுக்குத் தெரிந்த வேலை. செரோக்கி மக்கள் இந்தப் பக்கத்து ஆறுகளின் ஆழமில்லாத இடங்களில் கற்களை இரு கைகள் விரித்தாற்போல் அடுக்கி, நீரோட்டத்தோடு வரும் மீனை நடுவிலுள்ள கூடைக்குள் ஒதுக்கிப் பிடித்தார்கள். 1838-இல் அவர்களை இந்த மண்ணிலிருந்து விரட்டியபோது, படகுகளில் ஏற்றப்பட்டவர்கள் இதே ஆற்றின் வழியாகத்தான் மேற்கே போனார்கள். அவர்களுக்குப் பின் வந்த குடியானவர்கள் கெளுத்தி மீனையே பெரிதும் நம்பினார்கள். நீலக் கெளுத்தி, தட்டைத்தலைக் கெளுத்தி, கால்வாய்க் கெளுத்தி என்று மூன்று வகை உண்டு. கரையிலிருந்து கரைக்கு ஒரு தடித்த கயிறு கட்டி, அதில் இடைவெளி விட்டுத் தூண்டில் முட்களைத் தொங்கவிட்டு, மாலையில் போட்டுக் காலையில் இழுப்பார்கள். கோழிக்குடல், நன்னீர்ச் சிப்பியின் சதை, நண்டு போன்ற கிராஃபிஷ் எல்லாம் இரையாயின. துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியைக்கூட வெட்டி முள்ளில் செருகினார்கள். கெளுத்திக்கு வாசனைதான் வழிகாட்டி. உடம்பெங்கும் சுவையறியும் மொட்டுகள் கொண்ட மீன் அது. கலங்கிய நீரில் கண்ணை நம்பாமல் மீசையை நம்பி மேயும்.

பாஸ் மீனின் கதை வேறு. வாய் பெரிதான லார்ஜ்மவுத் பாஸ், நம் விராலைப் போலப் பாசிக்குள்ளும் விழுந்த மரத்துக்கடியிலும் பதுங்கி நின்று, கடந்து போகும் இரையைப் பாய்ந்து பிடிக்கும். அதைப் பிடிப்பதற்கென்றே கருவிகள் பிறந்தன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்ற சிற்றூரில், ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கலைஞர், கைப்பிடி ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுற்றும் பல்சக்கர ரீல் ஒன்றைச் செய்தார். கடிகாரத்துக்குப் பல்சக்கரம் வெட்டிய கை அது. அந்த ரீல் வந்த பிறகுதான் உயிருள்ள சிறு மீனை முள்ளில் கோத்துத் தொலைவுக்கு வீச முடிந்தது. ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற மருத்துவர் 1881-இல் பாஸ் மீனுக்கென்றே தனி நூல் எழுதி, ட்ரவுட் மீனுக்கு இருந்த மதிப்பை இதற்கும் வாங்கித் தந்தார். மிச்சிகனில் தேனீ வளர்த்துவந்த ஜேம்ஸ் ஹெடன், மரத்தைச் செதுக்கி வண்ணம் பூசிய போலி இரைகளை 1902 முதல் நிறுவனம் வைத்தே விற்றார். ஆக, தூண்டிலும் இரையும் அணைகளுக்கு முன்பே தயாராகிவிட்டன. அதன் பிறகு மாறியது இடம்.

1933 மே 18 அன்று டென்னசி பள்ளத்தாக்கு ஆணையச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். வெள்ளத்தைத் தடுக்க, மின்சாரம் எடுக்க, படகுப் போக்குவரத்துக்கு ஆழம் தர என்று அணைகள் வரிசையாக எழுந்தன. 1936-இல் நாரிஸ் அணையும் வீலர் அணையும் முடிந்தன. 1939-இல் கன்டர்ஸ்வில். நாரிஸ் தேக்கத்தில் லாய்ஸ்டன் என்ற ஊரே மூழ்கியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறிடம் மாற்றினார்கள். கன்டர்ஸ்வில் தேக்கத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தை விட்டு எழுந்தன. மின்சாரம் வந்தது, ஊரெங்கும் இருந்த மலேரியா ஒழிந்தது. இரண்டும் பெரிய நன்மைகள். ஆனாலும் பருத்தி விளைந்த அந்த ஆற்றோர வயல்களை இழந்த குடும்பங்களின் கணக்கு எந்த மின்கட்டணச் சீட்டிலும் வராது.

புதிதாக நிரம்பிய நீரில் மீன் பெருகியது. மூழ்கிய மண்ணின் சத்தெல்லாம் நீரில் கரைந்ததே காரணம். சில ஆண்டுகளில் அந்தச் சத்து குறைய, தேக்கங்கள் மீனற்ற பாலைவனமாகிவிடும் என்று பலரும் அஞ்சினார்கள். ஆணையத்தின் உயிரியலாளர் ஆர். டபிள்யூ. எஷ்மேயர் நாரிஸ் ஏரியில் ஆராய்ந்து, பிடிபடுவதைவிட முதுமையில் மடியும் மீனே மிகுதி என்று காட்டினார். இனப்பெருக்கக் காலத்தில் மீன்பிடிக்க இருந்த தடை 1940-களில் அங்கே நீங்கியது. மீன் இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் பிடிக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் கரையோர மரக்கட்டைகளைச் சுற்றியே வீசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பழக்கத்தை உடைத்தவர் வட கரோலினாவின் பக் பெரி. இயற்பியல் கற்பித்தவர். பாஸ் மீன் பெரும்பொழுதை ஆழத்தில் கழிக்கிறது, மேய வரும்போது தரையின் மேடுபள்ளங்களை ஒட்டியே நகர்கிறது என்று அவர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், வளைந்த கரண்டி போன்ற உலோக இரை ஒன்றை 1940-களில் செய்து, படகின் பின்னால் இழுத்தே ஏரியின் தரையைத் தடவிப் படித்தார். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் கார்ல் லோரன்ஸ் குடும்பத்தார் மீனவர்களுக்கென்று எதிரொலிக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பச்சை நிறப் பெட்டி, அதில் சுழலும் ஒரு மின்னல் கீற்று. நீருக்கு அடியில் ஆறு இருக்கிறது என்பதை மீனவன் முதல்முறையாக அதில்தான் பார்த்தான்.

அந்தக் கீற்று காட்டியவை வெறும் ஆழங்கள் அல்ல. ஆழம் திடீரென்று இறங்கினால் அது பழைய ஆற்றின் கரை. நேர்கோடாக ஒரு மேடு ஓடினால் மூழ்கிய சாலை. கல் குவியல் வந்தால் வீட்டின் அடித்தளமோ பாலத்தின் காலோ. கோடையில் பாஸ் கூட்டம் கூட்டமாகச் சேர்வது இந்தப் பழைய ஆற்றுக்கரை விளிம்பில்தான். சுற்றிலும் மூன்று, நான்கு மீட்டர் ஆழத்தில் பழைய வயல் கிடக்க, விளிம்பைத் தாண்டியதும் தரை சட்டென்று பத்து மீட்டருக்குக் கீழே இறங்கும். அந்த விளிம்பில் ஓடை வந்து சேரும் இடம், சிப்பி படிந்த மேடு, ஒரு வளைவு என்று ஏதாவது வித்தியாசம் இருந்தால் அங்கே மீன் நிற்கும். அதிலும் தண்ணீர் நகர வேண்டும். கடும் வெயில் நாளில் ஊரெல்லாம் ஏசி ஓடும்போது அணையின் டர்பைன்கள் சுழலும். ஏரிக்கு அடியில் கிடக்கும் ஆறு மறுபடி ஓடத் தொடங்கும். ஷாட் என்ற சிறு மீன்கள் அந்த ஓட்டத்தில் அடித்துவரப்படும். பாஸ் வாய் திறக்கும். அதனால் நான் படகை இறக்குமுன் அணை எந்த நேரத்தில் நீர் விடுகிறது என்ற அட்டவணையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இடம் தெரிந்த பிறகு தூண்டிலும் இரையும் அதற்கேற்ப மாறின. 1949-இல் ஒஹையோ மாநிலத்தின் அக்ரனில் நிக் கிரீம் வார்த்த பிளாஸ்டிக் புழு, முள் முனையை உள்ளே ஒளித்துக் குத்தினால் மூழ்கிய மரக்கிளைகளில் சிக்காமல் தரையோடு ஊர்ந்து வந்தது. இந்த ஆற்றின் பக்கத்திலேயே, டென்னசியின் ஓக் ரிட்ஜ் வட்டாரத்தில், ஃப்ரெட் யங் என்பவர் பால்சா மரத்தில் கொழுத்த வயிறுள்ள ஓர் இரையைக் கத்தியால் செதுக்கினார். ‘பிக் ஓ’ என்று அதற்குத் தம் சகோதரரை ஒட்டிப் பெயர் வைத்தார். இழுக்கும்போது தலையாட்டிக்கொண்டே முங்கும். 1970-களில் பிளாஸ்டிக்கில் வந்தபோது லட்சக்கணக்கில் விற்றது. இன்று விளிம்பில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு முங்கும் கிராங்க்பெய்ட் எல்லாம் அந்த வழிவந்தவைதான்.

அலபாமாவின் மான்ட்கமரியில் காப்பீட்டு முகவராக இருந்த ரே ஸ்காட் 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டிப் பாஸ் பிடிக்கும் போட்டி நடத்தினார். மறு ஆண்டு பாஸ் மீனவர் சங்கத்தைத் தொடங்கினார். பிடித்த மீனை உயிரோடு எடை பார்த்துத் திரும்ப விடும் வழக்கத்தை 1972 முதல் போட்டிகளில் பரப்பியவரும் அவரே. அவருடைய செயல்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கன்டர்ஸ்வில் ஏரியில் 1976-இல் அந்தச் சங்கம் நடத்திய பெரும்போட்டியை ரிக் கிளன் வென்றார். அவர் அந்தப் பட்டத்தை வென்ற நான்கு முறைகளில் அதுவே முதல்.

கன்டர்ஸ்வில்லின் புகழுக்குப் பாசியும் ஒரு காரணம். ஐரோப்பிய மில்ஃபாயில் முதலில் படர்ந்தது. 1980-களில் ஹைட்ரில்லா வந்தது. இந்த ஹைட்ரில்லா நம் குளங்களின் அடியில் வளரும் அதே கொடி. மீன்தொட்டி வியாபாரிகள் 1950-களில் இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுவந்தது, அங்கிருந்து பெருகிப் பரவியது. படகுத்துறைக்காரர்களும் கரையில் வீடு வைத்திருப்பவர்களும் அதை அழிக்கச் சொல்ல, மீனவர்கள் காக்கச் சொல்ல, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பாசியின் மேல் ரப்பர் தவளையைத் துள்ளவிட்டு இழுக்கும்போது கீழிருந்து பாஸ் வெடித்தாற்போல் எழும். மெல்லிய நரம்பு அங்கே உதவாது. பாசியோடு சேர்த்து மீனை இழுக்கப் பின்னல் நூல் வேண்டும், விறைத்த கோல் வேண்டும். மஸில் ஷோல்ஸ் ஊர்க்காரர் ஆண்டி பாஸ் உருவாக்கிய ‘அலபாமா ரிக்’, ஐந்து கம்பிகளில் ஐந்து போலி மீன்களைத் தாங்கி ஒரு சிறு கூட்டமே நீந்துவதாகக் காட்டியது. அதைக் கொண்டு பால் எலியாஸ் 2011-இல் கன்டர்ஸ்வில்லில் ஒரு பெரும் போட்டியை வென்றதும், நாடெங்கும் கடைகளில் அது தீர்ந்துபோனது.

கெளுத்திக்காரர்கள் இந்த ஆரவாரத்துக்கு வெளியே, பழைய வழியிலேயே ஆழ்ந்து போனார்கள். அணையின் அடிவாரத்தில் ஸ்கிப்ஜாக் என்ற வெள்ளி மீனைச் சிறு முட்களால் பிடித்து, துண்டாக்கி, இரத்தம் கசிய வளைமுள்ளில் கோத்து, ஈயக்குண்டு கட்டி ஆற்று விளிம்பில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். இரை கெட்டுவிடக் கூடாது என்பதால் ஸ்கிப்ஜாக்கைப் பனிக்கட்டியில் வைப்பார்கள். 1996 ஜூலையில் வீலர் தேக்கத்தில் பிடிபட்ட 111 பவுண்டு நீலக் கெளுத்தி அன்றைக்கு உலக சாதனை. ஐம்பது கிலோ எடை!

அதே வீலர் தேக்கத்தின் கரையில்தான் டிரயானா என்ற சிற்றூர் இருக்கிறது. கறுப்பின மக்கள் வாழ்ந்துவந்த ஊர். அவர்கள் விளையாட்டுக்காகத் தூண்டில் போடவில்லை. இந்தியன் கிரீக் ஓடையின் கெளுத்திதான் அவர்களுடைய அன்றாடச் சோறாக இருந்தது. ரெட்ஸ்டோன் படைத்தள வளாகத்தில் 1947 முதல் 1970 வரை டிடிடி தயாரித்த ஆலையின் கழிவு அந்த ஓடை வழியாகவே இறங்கியது. 1970-களின் கடைசியில் மீனிலும், அதை உண்டவர்களின் இரத்தத்திலும் டிடிடி மிக அதிகமாக இருப்பது தெரியவந்தது. நாசாவில் கணிதராகப் பணியாற்றிக்கொண்டே அந்த ஊரின் மேயராக இருந்த கிளைட் ஃபாஸ்டர் தம் மக்களுக்காகப் போராடினார். 1980-களின் தொடக்கத்தில் 2.4 கோடி டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிந்தது. ஓடையின் நச்சுப் படிந்த பகுதியை மண்ணிட்டு மூடி, புதுக் கால்வாய் வெட்டினார்கள். சுவை மொட்டுகளால் தரையைத் தடவி வாழும் மீன் தரையில் படிந்ததை எல்லாம் தன் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. கெளுத்தி பிடிக்க நல்ல இடம் எது என்ற கேள்வியில், அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

இங்குள்ள நம் பிள்ளைகள் சிலர் மீன்பிடிக்கக் கற்றுத்தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். வந்ததும் எந்த ரீல் வாங்கலாம் என்றுதான் கேட்பார்கள். நான் அவர்களுக்கு முதலில் காட்டுவது அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் அணைக்கு முந்தைய பழைய வரைபடங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆறு எப்படி வளைந்தது, ஓடை எங்கே சேர்ந்தது, சாலை எங்கே போனது, வீடுகள் எங்கே நின்றன என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதோடு மாநில நலத்துறை ஆண்டுதோறும் வெளியிடும் மீன் உணவு எச்சரிக்கையையும் படிக்கச் சொல்கிறேன். மீன் பிடிபட அந்த வரைபடம் உதவும் என்பது ஒரு பாதிதான். யாருடைய வயலின் மேல் மிதக்கிறோம், யாருடைய ஓடை கெட்டுப்போனது என்று தெரிந்துகொள்வது மறுபாதி. இந்தத் தண்ணீரிலிருந்து ஒரு மீனை எடுப்பவர் அதற்குத் தரவேண்டிய விலை அந்த அறிவு. அதைத் தராமல் எடுப்பது சரியில்லை என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.