உடைப்பை அடைத்தது யார்? சுதர்சன ஏரிக் கல்வெட்டுகளும் வெள்ளத்துக்குப் பிந்தைய நகரப் பொறுப்பும்

கிர்நார் மலையடிவாரத்து ஜூனாகத் பாறையில் பொறிக்கப்பட்டுள்ள மன்னன் ருத்ரதாமனின் வடமொழிக் கல்வெட்டை ஆய்வுலகம் நெடுங்காலமாக ஒரே திசையில் வாசித்து வந்திருக்கிறது. பெருமழையில் சுதர்சன ஏரியின் கரை உடைந்தது. அரசன் குடிகளை வருத்தாமல் தன் கருவூலத்திலிருந்தே பொருள் கொடுத்தான். ஏரி முன்னிலும் உறுதியாக மீண்டது. இந்த வாசிப்பிலிருந்து இரண்டு முடிவுகள் கிளைத்தன. பண்டைய இந்தியாவில் பாசனக் கட்டுமானம் மைய அரசின் செலவிலும் மைய அரசின் முனைப்பிலும் நடந்தது என்பது ஒன்று. வெள்ளத்துக்குப் பிந்தைய சீரமைப்பு அரசனின் கொடையாகவே கருதப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அந்தக் கல்வெட்டு தாங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதே பாறையில் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வெட்டப்பட்ட, குப்தப் பேரரசன் ஸ்கந்தகுப்தன் காலத்துக் கல்வெட்டையும் உடன் வைத்துப் படித்தால், செலவு யாருடையது, முடிவு யாருடையது, சுமை வழக்கமாக யார் மேல் விழுந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை கிடைக்கிறது. முந்தைய வாசிப்பு இம்மூன்றையும் அரசன் என்ற ஒரு பெயருக்குள் அடைத்துவிட்டது.

முதற்கல்வெட்டின் செய்தி தெளிவானது. சக ஆண்டு 72, மார்கசீர்ஷத் தேய்பிறையின் முதல் நாள், அதாவது பொ.ஆ. 150 இன் இறுதியில், ஊர்ஜயத் எனப்பட்ட கிர்நார் மலையிலிருந்து இறங்கும் சுவர்ணசிகதை, பலாசினி முதலிய ஆறுகள் புயல்மழையில் பெருக்கெடுத்து ஏரிக்கரையைப் பிளந்தன. உடைப்பின் நீளம் 420 முழம், அகலமும் அதே அளவு, ஆழம் 75 முழம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் உடைப்பு ஏறத்தாழ 190 மீட்டர் நீளமுடையது. சந்திரகுப்த மௌரியரின் மாகாண அதிகாரி புஷ்யகுப்தன் இந்த ஏரியைக் கட்டியதையும், அசோகருக்காக ஆண்ட யவன அரசன் துஷாஸ்பன் அதற்குக் கால்வாய்கள் அமைத்ததையும் கல்வெட்டு நினைவுகூர்கிறது. அதன் பின்னர் வரும் பகுதிதான் இங்கே முதன்மையானது. உடைப்பின் பெருமையைக் கண்டு, ஆலோசனை கூறும் அமைச்சர்களும் வினையாற்றும் அமைச்சர்களும் ஊக்கமிழந்து மறுத்தனர். கரை திரும்ப எழாது என்று மக்கள் கதறினர். அந்நிலையில், நகரத்தாருக்கும் நாட்டாருக்கும் நன்மை செய்வதற்காக ஆனர்த்தம், சுராஷ்டிரம் முழுவதையும் ஆள நியமிக்கப்பட்டிருந்த பஹ்லவன், குலைபன் மகன் சுவிசாகன் பணியை நிறைவேற்றினான். அவன் திறமையும் பொறுமையும் உடையவன், செருக்கில்லாதவன், கையூட்டுக்கு வளையாதவன் என்று கல்வெட்டு புகழ்கிறது.

கருவூலச் செலவு பற்றிய தொடரை இப்போது பார்க்கலாம். வரி, விஷ்டி எனப்பட்ட கட்டாய உழைப்பு, பிரணயம் எனப்பட்ட அவசரத் தண்டல் ஆகியவற்றால் நகர, நாட்டு மக்களை வருத்தாமல், தன் கருவூலத்துப் பெருஞ்செல்வத்தால், மிக நீண்ட காலம் எடுக்காமல், மும்மடங்கு உறுதியாகக் கரை கட்டப்பட்டது என்பது அதன் சாரம். இதை அரச நிதியின் பொது விதிக்குச் சான்றாக எடுத்தவர்கள் மெய்க்கீர்த்தி வகை ஆவணத்தின் அடிப்படை இயல்பை மறந்துவிட்டனர். எல்லோரும் எப்போதும் செய்வதைப் புகழ்மொழி பாராட்டாது. மூன்று சுமைகளையும் பெயர் சொல்லி, இவற்றுள் எதையும் சுமத்தவில்லை என்று கல்லில் வெட்டும் அரசன், அம்மூன்றும் அத்தகைய நேரத்தில் சுமத்தப்படுவது வழக்கம் என்றே சாட்சி சொல்கிறான். ஆகவே இத்தொடர் ஒரு விதிவிலக்கின் பதிவு. அதன் நிழலில் தெரிவது வழக்கமான நடைமுறை. வெள்ளம் வந்தால் உழைப்பும் பணமும் உடைப்பை ஒட்டி வாழ்ந்த மக்களிடமிருந்தே திரட்டப்பட்டன.

இது வெறும் ஊகம் என்று சொல்ல முடியாதபடி பிற சான்றுகள் இதனோடு ஒத்துப்போகின்றன. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணம், கூட்டாகக் கட்டப்படும் அணைப் பணிக்கு வராதவனின் ஆட்களும் எருதுகளும் அவன் பங்கு வேலையைச் செய்ய வேண்டும், செலவில் அவனுக்குப் பங்கு உண்டு, பயனில் இல்லை என்கிறது. மூன்றாம் அதிகரணம் புதிதாக ஏரி கட்டுவோருக்கு ஐந்தாண்டு வரிவிலக்கும், உடைந்து கைவிடப்பட்டதைச் சீர்செய்வோருக்கு நான்காண்டு வரிவிலக்கும் அளிக்கிறது. சீரமைப்பு முழுவதும் அரசின் வேலையாக இருந்திருந்தால் இந்த விலக்குக்குத் தேவையே இருந்திருக்காது. ஐந்தாம் அதிகரணம் பிரணயத்தை ஒரே ஒரு முறைதான் கேட்கலாம் என்று கட்டுப்படுத்துகிறது. கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் மீறலும் இருந்திருக்கும். தமிழ்நாட்டிலும் நிலை வேறன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி எனப்பட்ட கூலியில்லா உழைப்புகள் குடிகள் மீதான கடமைகளாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டு ஏற்பாடுகள் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்க வகைசெய்தன. வயிரமேகத் தடாகத்தில் தூர் வாருவதற்கு அவ்வூரிலேயே அறக்கட்டளைகள் இருந்தன. இவற்றுக்கெல்லாம் வெகுகாலத்துக்குப் பின், சென்னை மாகாணத்தின் 1858 ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் அபாயத்தில் சுற்றுவட்டாரத்து உழைப்பாளர்களை வரவழைக்கும் அதிகாரத்தையும் ஊரார் தாமே செய்யும் பராமரிப்பான குடிமராமத்தைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தையும் அதிகாரிகளுக்கு அளித்தது. ஆட்சிகள் மாறியபோதும் சுமை விழுந்த இடம் மாறவில்லை.

முடிவெடுத்தது யார் என்ற இரண்டாம் கேள்விக்கு அமைச்சர்களின் மறுப்பு விடை தருகிறது. இதற்கு எழக்கூடிய வலுவான எதிர்ப்பு, அந்த மறுப்பே ஒரு கவி உத்தி என்பது. செயற்கரிய செயலை உயர்த்திக் காட்ட, பிறர் கைவிட்டதாகச் சொல்வது புகழ்நூல்களில் உண்டு. இதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மக்களின் கதறல் ஒன்றே போதுமானது. ஆலோசனைக்குரியவர், செயலுக்குரியவர் என இருவகை அமைச்சர்களையும் பிரித்துச் சொல்லி, அமைச்சருக்குரிய குணங்கள் நிறைந்தவர்கள் என்றும் குறிப்பிட்டு, அவர்களே மறுத்தனர் என்று பதிவு செய்வது அரசனின் அவைக்குப் பெருமை சேர்க்கும் செய்தி ஆகாது. அவைக்கு உவப்பில்லாத ஒரு செய்தி அவையின் சொந்த ஆவணத்தில் இடம்பெறும்போது அதை எளிதில் தள்ளிவிட இயலாது. தலைநகரத்தின் அறிவுரை பணியைக் கைவிடச் சொன்னது. அந்த நிலப்பகுதியை நேரடியாக ஆண்டவன் எடுத்துச் செய்தான் என்பதே அதன் இயல்பான பொருள். சுவிசாகன் அயல்நாட்டு மரபினன், நகரத்தாரால் தேர்ந்தெடுக்கப்படாதவன், எனவே அவனை உள்ளூர் நிர்வாகம் என்பது மிகை என்று கூறலாம். பிறப்பு இங்கே பொருட்டில்லை. அவன் எந்த மக்களுக்குப் பொறுப்பாளி என்று கல்வெட்டு கருதியது என்பதே கேள்வி. அதற்கு அது ஐயமின்றி நகரத்தாரையும் நாட்டாரையும் சுட்டுகிறது. அதே சமயம், அந்தச் சொற்களை அரசனுக்கு எதிர்நின்ற இரு அரசியல் மன்றங்களின் பெயராக விரித்த பழைய கருத்தும் இக்கல்வெட்டிலிருந்து பெறத்தக்கதன்று. நன்மை அடைவோராகவும் சுமை தாங்குவோராகவும் மட்டுமே அவர்கள் இங்கு தோன்றுகின்றனர்.

இரண்டாம் கல்வெட்டு இந்த வாசிப்பை மேலும் உறுதிப்படுத்துகிறது. சுராஷ்டிரத்தைக் காக்க யாரை அமர்த்துவது என்று இரவு பகலாக எண்ணிய ஸ்கந்தகுப்தன் பர்ணதத்தனைத் தேர்ந்தான். பர்ணதத்தன் தன் மகன் சக்ரபாலிதனை நகரத்தைக் காக்க அமர்த்தினான். நகரத்தாரைத் தன் பிள்ளைகளைப் போலப் பேணியவன், முகமலர்ந்து பேசியவன், அவர்களோடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்து பழகியவன் என்று கல்வெட்டு அவனைப் போற்றுகிறது. குப்த ஆண்டு 136, பாத்ரபத மாதத்தின் ஆறாம் நாள் இரவு, அதாவது பொ.ஆ. 455 வாக்கில், பெருமழையில் ஏரி மீண்டும் உடைந்தது. என்ன செய்வது என்று மக்கள் இரவு முழுவதும் உறங்காமல் தமக்குள் பேசிக் கலங்கினர். 137 ஆம் ஆண்டுக் கோடையில், இரண்டு மாத உழைப்பில், அளவற்ற பொருள் செலவிட்டுச் சக்ரபாலிதன் கல்கட்டுமானமாகக் கரையை எழுப்பினான். அதன் நீளம் 100 முழம், அகலம் 68 முழம், உயரம் ஏழு ஆள். 138 இல் திருமாலுக்குக் கோயிலும் எடுத்தான். இந்த 100 முழத்தை முந்தைய 420 முழத்தோடு ஒப்பிட்டு ஏரி சுருங்கிவிட்டது என முடிவு கட்டுவது தவறு. 100 முழம் கட்டிய கரையின் அளவு, 420 முழம் உடைப்பின் அளவு.

இங்கே காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும். கோடையின் முதல் பக்கத்து முதல் நாள் எனக் குறிக்கப்படுவது பணியின் தொடக்கமா முடிவா என்பதில் கல் சிதைந்திருப்பதால் ஐயம் உண்டு. எப்படிக் கொண்டாலும், உடைப்புக்கும் சீரமைப்புக்கும் இடையே அடுத்த பருவமழைக் காலம் முழுதாகக் கடந்துபோகவில்லை. மண்வேலைக்கு ஏற்ற வறண்ட மாதங்கள் தவறவிடப்படவில்லை. ஏரி உடைந்தால் மழையின் நாட்காட்டி அரசாணைக்காகக் காத்திருக்காது. ஆளும் பேரரசன் தொலைவில் இருந்தான். நிகழ்வைக் கண்ட நகரத் தலைவன் அருகில் இருந்தான். அவனிடம் செலவிடும் அதிகாரமும் இருந்ததால்தான் ஒரே கோடையில் வேலை முடிந்தது. செலவு யாருடைய பணம் என்று இக்கல்வெட்டு சொல்லவில்லை. ருத்ரதாமனின் பெருமித வாசகம் இங்கே இடம்பெறாததைக் கொண்டு மக்கள் மீது சுமை விழுந்தது என்று நிறுவ இயலாது. அரசக் கருவூலம் திறந்தது என்று எழுதிச் செல்வதற்கும் ஆதாரம் இல்லை.

பெயரும் பொறுப்பும் வேறுவேறு என்பதற்குத் தெற்கிலும் சான்று உண்டு. மேல்கோட்டைக்கு அருகே, இரு குன்றுகளுக்கிடையே கரை கட்டிய தொண்டனூர் ஏரியை வைணவ மரபு இராமானுசரோடு இணைத்துத் திருமலைசாகரம் என்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது மோத்தி தலாப் ஆயிற்று. ஒரு மகானின் பெயரும் ஓர் ஆட்சியாளர் காலத்துப் பெயரும் நிலைத்தன. நூற்றாண்டுதோறும் அந்தக் கரையையும் மதகையும் காத்தவர்களுக்கு அத்தகைய பெயர் கிட்டவில்லை. பெயரை மட்டும் பின்தொடரும் வரலாறு இவர்களைத் தொடர்ந்து இழக்கும்.

இது பழங்கதையோடு முடியும் செய்தியன்று. 2005 ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41 ஆம் பிரிவு நிவாரணம், மறுவாழ்வு, மறுகட்டுமானம் ஆகியவற்றை உள்ளாட்சியின் கடமைகளுள் வைக்கிறது. ஆனால் அவை மாநில, மாவட்டத் திட்டங்களுக்கு இணங்கவே நடக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டுத் திருத்தம் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களுக்கு வழி செய்தபோது, மாநிலத் தலைநகரங்களையும் மாநகராட்சி உள்ள நகரங்களையும் மட்டும் கருதியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது காயல்பட்டினத்தில். அது ஒரு நகராட்சி. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வடிகால், உடைந்த சாலை ஆகியவற்றை மறுநாளே எதிர்கொள்ளும் சிறுநகரங்களுக்குக் கடமை எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு ஈடான ஆணையம் எழுதப்படவில்லை. பெருநகரங்களில் மக்கள்தொகை அதிகம் என்பது இதற்கு விடையாகாது. உடைப்பு மக்கள்தொகை பார்த்து வருவதில்லை.

ஜூனாகத் பாறையின் இரு சாட்சியங்களும் சேர்ந்து சொல்வது இதுதான்: பணம் மேலிருந்து வரலாம், வரவும் வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரம் உடைப்பின் அருகில் இருக்க வேண்டும், சுமை பாதிக்கப்பட்ட மக்கள் மேல் திரும்பக் கூடாது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்ததை விதிவிலக்கு எனக் கருதியே ஓர் அரசன் கல்லில் வெட்டினான். அதை விதியாக்கும் கடமை நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் அதிகாரமும் நிதியும் வகுக்கும் சட்டமன்றங்களுக்கு உரியது.