நின்றுபோன மணிக்கூடுகள்

ஸியா கபிச் எடுத்த நிழற்படங்களில் என்னை முதலில் நிறுத்தி வைத்தது ஒரு கைமணிக்கூடு. மண்ணுக்குள் கிடந்து மங்கிப்போன, மிகச் சாதாரணமான மணிக்கூடு. மேலிருந்து நேராக, அலங்காரம் எதுவுமில்லாத ஒளியில் அதைப் படமாக்கியிருக்கிறார். அதைக் கட்டியிருந்த கை படத்தில் இல்லை. இல்லாத அந்தக் கையைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழக்குப் பொஸ்னியாவிலுள்ள ஸ்ரெப்ரெனிட்சாவை 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 'பாதுகாப்பு வலயம்' என்று பிரகடனம் செய்தது. அதை நம்பி மக்கள் அங்கே குவிந்தார்கள். 1995 ஜூலை 11இல் ரத்கோ மிளாடிச்சின் பொஸ்னிய சேர்பியப் படை ஊரைக் கைப்பற்றியது. காவலுக்கு நின்ற ஒல்லாந்து அமைதிப் படையினர் தடுக்கவில்லை. சில நாட்களுக்குள் 8,000இற்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். குற்றத்தை மறைப்பதற்காகப் பின்னர் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறிடங்களுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன. குளிப்பாட்டவும் கபனிடவும் ஜனாஸா இல்லாமல் தாய்மார் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

மரபணுப் பரிசோதனை பரவலாக வருவதற்கு முன்னர், இறந்தவரோடு கிடைத்த பொருட்களே அடையாளம் காண உதவின. சட்டை, சீப்பு, மூக்குக்கண்ணாடி, திறப்பு, பல் துலக்கும் தூரிகை. இவற்றின் படங்களைச் செஞ்சிலுவையினர் நூலாகத் தொகுத்துக் குடும்பங்களிடம் காட்டினார்கள். தன் கையால் தைத்த ஒட்டுத்துணியை ஒரு தாய் அறியாமல் இருப்பாளா?

மணிக்கூடுகளோ சாட்சியும் சொல்லின. சில மணிக்கூடுகள் கையின் அசைவினால் தாமே முறுக்கேறி ஓடுபவை. கை அசைவற்றுப் போனபின் ஒன்றரை, இரண்டு நாட்களில் நின்றுவிடும். அவற்றின் முகப்பில் உறைந்த கிழமையும் திகதியும் கொலை நடந்த காலத்தை நிறுவும் ஆதாரங்களாக ஹேக் நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டன. அங்கேயே 2017இல் மிளாடிச்சுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2021இல் மேன்முறையீட்டிலும் அது உறுதியானது.

1980இல் சரயேவோவில் பிறந்த கபிச், நகரம் முற்றுகையிடப்பட்ட காலத்தில் சிறுவனாக இருந்தவர். புதைகுழிகளிலிருந்து மீட்ட பொருட்களை அவர் ஒன்றொன்றாகப் படமெடுத்தார். அவற்றில் இரத்தமோ சடலமோ இல்லை. மையித்தின் கண்ணியம் குலையாமல் துக்கம் மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. உருவப்படம் குறித்து நம்மவரிடையே தயக்கங்கள் உண்டு. இந்தப் படங்களின் முன்னால் அந்தத் தயக்கத்துக்கு வேலையில்லை.

துயரத்தைக் கலையாக்குவது தகுமா என்ற கேள்வி என்னிடமும் இருந்தது. ஷெய்லா கமெரிச் 2003இல் செய்த 'பொஸ்னியப் பெண்' அதற்கு ஒரு விடை தந்தது. பொத்தொச்சாரி முகாமின் சுவரில் ஒல்லாந்துச் சிப்பாய் ஒருவன் பொஸ்னியப் பெண்களை இழித்து எழுதியிருந்தான். கமெரிச் தன் சொந்த முகத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தின் மீது அந்த வாசகத்தைப் பதித்து, சுவரொட்டியாகத் தெருவுக்குக் கொண்டுவந்தார். அவமதிப்பை மறைக்காமல், அதன் ஊடாக நம்மை நேராகப் பார்க்கிறது அந்த முகம். சுவரெழுத்தையும் முகத்தையும் படமெடுத்தவர் தாரிக் சமாரா. ஸ்ரெப்ரெனிட்சாத் தாய்மாரையும் அகழ்வுகளையும் பதிவு செய்தவர் அவர். அவருடைய படங்கள் 2012இலிருந்து சரயேவோவில் ஒரு நிரந்தரக் கூடத்தில் வைக்கப்பட்டுள்ளன.

மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2024இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 11ஐ நினைவு தினமாக அறிவித்தபோதும் எதிர்த்து வாக்களித்த நாடுகள் இருந்தன. ஆகவே அந்த மணிக்கூட்டின் படம் ஒப்பாரியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது 'நடந்தது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

1990 ஆகஸ்ட் 3இன் குண்டுத் துளைகளைக் காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவர்களில் நாம் பேணி வருகிறோம். ஆனால், அன்றிரவு தொழப் போனவர்களின் தொப்பிகளும் மணிக்கூடுகளும் எந்தெந்த வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன? அவற்றை வைத்திருக்கும் உம்மாமார் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் வைத்து, பெயரோடு படமெடுத்துவிட வேண்டும்.