கேட்டலும் கீழ்ப்படிதலும்: ஓர் ஆஸ்திரிய உழவரின் மறுப்பு

'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று பிள்ளைகளைக் குறித்து நாம் குறைபட்டுக்கொள்ளும்போது, அவர்கள் காதில் விழவில்லை என்று பொருள் கொள்வதில்லை. கேட்டல் என்னும் ஒரு சொல்லே செவியுறுதலையும் பணிதலையும் சேர்த்துக் குறிக்கிறது. இலத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் கீழ்ப்படிதலுக்குரிய சொற்கள் கேட்டலுக்குரிய சொற்களிலிருந்தே பிறந்தவை. இறைவன் சொல்வதைக் கேட்டு அதன்படி நடப்பதே கிறித்தவ வாழ்வு என்பர். ஆயின் அவன் பெயரால் பேசும் குரல்கள் பலவாகி ஒன்றையொன்று மறுக்கும்போது எதைக் கேட்பது? இவ்வினாவைத் தம் உயிர்கொண்டு எதிர்கொண்ட ஒருவரை இங்கே நினைவுகூர்கிறோம்.

பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் 1907ஆம் ஆண்டு மேல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் அடங்கி நடந்தவர் அல்லர். அடிதடிக்கு அஞ்சாதவர், ஊரிலேயே முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்து இருவரும் ரோமாபுரி சென்று வந்தனர். விவிலிய வாசிப்பும் வழிபாடும் நாளடைவில் அவர் வாழ்வின் அச்சாயின. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். வயல் வேலையோடு ஊர்த் தேவாலயத்தில் கோவில்பிள்ளைப் பணியையும் செய்தார்.

1938 ஜனவரியில் அவருக்கு ஒரு கனவு வந்தது. அழகிய ரயில் ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. சிறியவரும் பெரியவரும் அதை நோக்கி ஓடுகின்றனர். அது நரகத்துக்குப் போகும் வண்டி என்று ஒரு குரல் அவரிடம் சொல்கிறது. அந்த ரயில் நாஜி இயக்கமே என்று பின்னாளில் அவர் எழுதிவைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைந்ததற்கு ஒப்புதல் கேட்டு நடந்த வாக்கெடுப்பில், அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஊரின் வாக்குகள் முழுதும் ஆதரவே என்றுதான் அறிவிக்கப்பட்டது.

கனவு கண்ட மறுநாளே அவர் வீரராகிவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1940இல் படைக்கு அழைக்கப்பட்டபோது அவரும் சென்று பயிற்சி பெற்றார். ஊருக்குத் திரும்பியபின் படித்தார், மன்றாடினார், தம் ஐயங்களைத் தாளில் எழுதிப் பார்த்தார், குருக்களிடம் கேட்டார். லின்ஸ் மறைமாவட்ட ஆயரையும் நேரில் கண்டார். அரசின் செயல்களுக்குக் குடிமகன் பொறுப்பாளி அல்லன், குடும்பத்தைக் காப்பதே தந்தையின் கடமை என்பதே ஆயர் தந்த அறிவுரை.

அறிவுரை சொன்னவர்களைக் கொடியவர் என்று தள்ளிவிட முடியாது. அதிகாரத்துக்குப் பணியச் சொல்லும் உரோமையர் திருமுகமும் விவிலியத்தில்தான் இருக்கிறது. மனிதருக்கு மேலாகக் கடவுளுக்கே பணிய வேண்டும் என்று பேதுரு மன்றத்தின் முன் நின்று சொன்னதும் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது. எந்த வரி எந்த வேளைக்கு உரியது என்பதை ஆயரும் சொல்லித்தர இயலாத தனிமையில் அந்த உழவர் நின்றார்.

1943 மார்ச்சில் என்ஸ் படைமுகாமுக்குச் சென்று, போரிட மறுப்பதாக அறிவித்தார். காயமுற்றோரைப் பேணும் மருத்துவப் பணிக்கு ஆயத்தமாயிருந்தார், அது ஏற்கப்படவில்லை. லின்ஸ் சிறையிலிருந்து பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஜூலை 6இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் பிரான்ஸ் ரைனிஷ் என்னும் குருவும் ஹிட்லருக்கு உறுதிமொழி கூற மறுத்துக் கொல்லப்பட்டதைச் சிறைக் குரு அவரிடம் தெரிவித்தார். அச்செய்தி அவருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. தாம் கேட்ட குரலை இன்னொருவரும் கேட்டிருக்கிறார்! ஆகஸ்டு 9இல் பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36.

பிரான்சிஸ்காவை விட்டுவிட்டு இவ்வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது. தொடக்கத்தில் கணவரைத் தடுக்க முயன்றவர் அவர். எல்லோரும் எதிர்த்து நிற்கையில், தாமும் உடன் நில்லாவிடில் அவருக்கு யாருமே இல்லை என்று உணர்ந்து உடன் நின்றார். போருக்குப் பின்னும் ஊராரின் கசப்பு நீங்கவில்லை. 1950 வரை அவருக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது. ஒருவர் கேட்ட குரலுக்கு மற்றொருவர் விலை கொடுத்தார். இதை எண்ணும்போதெல்லாம் நம் வியப்பு எளிதில் புகழுரையாக மாற மறுக்கிறது.

1946இல் யேகர்ஸ்டேட்டரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட அதே ஆயர் இசையவில்லை. அமெரிக்கச் சமூகவியலர் கார்டன் ஸான் 1964இல் எழுதிய நூலே உலகுக்கு அவரை அறிமுகம் செய்தது. ஒருகாலத்தில் பம்பாய்ப் பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ், மனச்சான்றின்படி போரை மறுப்போருக்காக வாதிடுகையில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்முன் அவரை எடுத்துக்காட்டினார். 1997இல் பெர்லின் நீதிமன்றம் தண்டனையைச் செல்லாததாக்கியது. 2007 அக்டோபர் 26இல் அதே லின்ஸ் நகரப் பேராலயத்தில் திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. தொண்ணூறைக் கடந்த பிரான்சிஸ்கா அதைக் கண்ணாரக் கண்டு, 2013இல் நூறாம் வயதில் மறைந்தார்.

இறைவன் தன்னிடம் பேசினான் என்று சொல்வோர் எக்காலத்தும் உண்டு. அக்குரல்களில் பல பிறரை வாளுக்கு இரையாக்கச் சொன்னவை. யேகர்ஸ்டேட்டர் கேட்ட குரலோ பிறர் உயிரைக் கேட்கவில்லை; தனக்கென எதையும் தருவதாகச் சொல்லவுமில்லை. ஐந்தாண்டுகள் பொறுத்து, எதிர்க்குரல்கள் அனைத்துக்கும் செவிகொடுத்து, அதன் பிறகே அவர் பணிந்தார். கேட்டலுக்கும் கீழ்ப்படிதலுக்கும் நடுவே இருந்த அந்த ஐந்தாண்டு அமைதியே அவர் வரலாற்றில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கிறது.