கைமாறிய வாதம்

மரக்காணத்து உப்பளங்களிலிருந்து கடலோரமாகத் தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. வடக்கே கொஞ்ச தூரத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, பத்தே ஆண்டில் ஆங்கிலேயரிடம் போய்விட்டது. இந்தக் கரையில் பிரெஞ்சுக்காரர் செல்வாக்கோடு இருந்த நாளில் உருவான கையெழுத்துப் பிரதி ஒன்று, கிறிஸ்தவம் உண்மையா என்ற ஐரோப்பியச் சண்டைக்குள் நுழைந்தது. அதன் பெயர் எசூர் வேதம். யசுர் என்ற சொல்லின் திரிபாக இருக்க வேண்டும். நூல் இருப்பதோ பிரெஞ்சு மொழியில். வியாசர் புராணக் கதைகளைச் சொல்லச் சொல்ல, சுமந்து என்பவர் அவற்றை மறுக்கிறார்: படைத்தவன் ஒருவன், அவனுக்கு அவதாரம் இல்லை, சிலைக்குச் செய்யும் பூசை அவனைச் சேராது. இதை எழுதியவர்கள் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள். அவர்களில் யார் என்பதில் மட்டும் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வியப்பு என்னவென்றால், நூலில் கிறிஸ்துவின் பெயரே வருவதில்லை. கடவுள் உண்டு என்பதைப் பகுத்தறிவால் அறியலாம், திரித்துவம் முதலியவற்றைத் திருவெளிப்பாட்டால்தான் அறிய முடியும் என்று பிரித்தவர் தாமஸ் அக்வினாஸ். குருக்கள் அந்த முதல் படியை மட்டும் இங்கே கட்டினார்கள். வாசகரைப் பிறகு அடுத்த படிக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

கணக்கு தவறியது. 1760-இல் இந்தியாவிலிருந்து திரும்பிய மொதாவ் பிரபு வழியாகப் பிரதி பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் படையெடுப்புக்கும் முந்தைய நூல் இது என்று நம்பிய அவர், 1761-இல் அதை அரசரின் நூலகத்துக்குக் கொடுத்தார். அதே ஆண்டு ஜனவரியில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மோசேயும் திருச்சபையும் இல்லாமலே இந்தியர்கள் ஒரே கடவுளை அறிந்திருந்தார்கள் என்றால், திருவெளிப்பாடு எதற்கு? வால்டேர் எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான். திருச்சபைக்கு ஆள் சேர்க்க எழுதிய நூல், திருச்சபையை எதிர்ப்பவரின் சாட்சியானது.

நூலே போலி, ஆகவே வால்டேரின் வாதமும் போலி என்று சொல்லலாம். 1782-இல் பிரெஞ்சுப் பயணி சொன்னெரா இதைப் பாதிரிமாரின் கைவேலை என்றார். குறள் அன்பர்கள் நன்கறிந்த எல்லிஸ், புதுச்சேரியில் இருந்த பிரதிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அவர் இறந்தபின் 1822-இல் வெளிவந்து அதை உறுதிசெய்தது. இதனால் விழுவது வரலாற்றுப் பாதி மட்டுமே. பகுத்தறிவு போதுமென்றால் திருவெளிப்பாடு எதற்கு என்ற கேள்வி, நூல் பழையதானாலும் புதியதானாலும் நிற்கிறது. கடவுள் இருக்கிறார் என்று அறிவது வேறு, மீட்படைவது வேறு என்பது குருக்களின் பதில். அது எளிதில் தள்ளக்கூடிய பதிலும் அல்ல. ஆனால் அந்தப் பதிலைத்தான் அவர்கள் நூலுக்கு வெளியே வைத்துவிட்டார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது. 1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. கடப்பாரை விழுந்த ஊரில் வாதத்துக்கு என்ன மதிப்பு? கோயில் இடிபட வேண்டுமென்று நின்ற அதே இயேசு சபையாரின் நூல்தான், வியாசரையே பேசவைத்து மனத்தை மாற்றப் பார்க்கிறது. இடித்ததால் நம்பிக்கை வந்துவிடாது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. வாதம் கைமாறுவதும் பிரான்சோடு நிற்கவில்லை. பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854-இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதியபோது, பழைய ஏற்பாட்டின் பலியையும் விளக்கையும் தூபத்தையும் எடுத்துக்காட்டியே சைவ வழிபாட்டுக்கு வழக்காடினார்.

வால்டேர் கொடுத்த பிரதி இப்போதும் பாரிஸில், பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது.