செஞ்சி மதிலும் சேத்துப்பட்டு மாத்திரையும்

திருவண்ணாமலையில் சென்னை பஸ் ஏறினால், கீழ்பென்னாத்தூர் தாண்டிச் சிறிது நேரத்தில் செஞ்சிக் கோட்டை தெரியும். குன்றுகளை வளைத்து ஓடும் அந்த மதிலைத் தாண்டி உள்ளே நுழைய முகலாயப் படைக்கு ஏறக்குறைய 8 ஆண்டுகள் பிடித்தன. 1698இல்தான் கோட்டை விழுந்தது. அதே சாலையில் தாம்பரத்தைக் கடந்தால் ‘சானடோரியம்’ என்றொரு ரயில் நிலையம். காசநோயாளிகளுக்காக டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர்.

அங்கே படுத்திருந்தவர்களின் நுரையீரலுக்குள்ளும் ஒரு முற்றுகை நடந்தது. காசநோய்க் கிருமிக்கு மதில் உண்டு. சர்க்கரையும் கொழுப்பும் பின்னிக் கட்டிய மதில்.

1882இல் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தபோதே, அதற்குச் சாயம் ஏற்றுவது பெரும்பாடாக இருந்தது. ஏறிய சாயம் அமிலம் ஊற்றினாலும் போகவில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி சிவப்புக் குச்சியாகத் தெரிவது இந்தப் பிடிவாதத்தால்தான். காரணம், மைக்காலிக் அமிலம் என்ற மிக நீண்ட கொழுப்பு. நெய் தடவிய கிண்ணத்தில் தண்ணீர் ஒட்டாததுபோல, பல மருந்துகளும் இந்தக் கிருமியின் மேல் வழுக்கிப்போகும்.

மதில் காவலோடு நிற்பதில்லை, சூதும் செய்கிறது. நம் உடலின் மேக்ரோபேஜ் செல்கள் கிருமியை விழுங்கி, உள்ளே ஒரு பையில் அடைத்து, செரிக்கும் அமிலத்தை அதில் சேர்க்க முயலும். அந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது மதிலில் இருக்கும் லிப்போஅராபினோமன்னான் என்ற சர்க்கரைக் கொழுப்பு. கொல்ல வந்தவன் வீட்டிலேயே கிருமி குடியேறிவிடுகிறது.

உடலும் சும்மா இருப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் வளரும் வீரியமான காசக் கிருமிகள் கயிறு திரித்ததுபோல ஒட்டி நிற்கும். அதற்குக் காரணமான, மதிலில் உள்ள பொருளை ஹியூபர்ட் பிளாக் 1950இல் பிரித்தெடுத்தார். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையின் இரு பக்கமும் மைக்காலிக் அமிலம் தொங்குகிறது என்று அதன் அமைப்பு 1956இல் தெளிவானது. இதே பொருளை நம் செல்கள் ‘மின்கிள்’ என்ற உணர்வியால் மோப்பம் பிடிக்கின்றன என்று 2009இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

அந்த 1956ஆம் ஆண்டில்தான் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் பிறந்தது. தலைமை தாங்கியவர் வாலஸ் பாக்ஸ். காசநோய் என்றால் படுக்கை ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு என்று உலகம் நம்பிய காலம். இந்தியாவில் அத்தனை நோயாளிகளுக்கும் படுக்கைக்கு எங்கே போவது? நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், மற்றது அவரவர் வீட்டில். இரு தரப்புக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், ஓராண்டுக்கு.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. அரைவயிறு சாப்பிட்டு, வேலைக்கும் போனவர்கள் உலகின் சிகிச்சை முறையையே மாற்றினார்கள். இந்தப் பெருமை அந்த மனிதர்களுக்குப் போதிய அளவு சேரவில்லை.

ஐசோனியாசிட் எப்படிக் கிருமியைக் கொல்கிறது என்பது அன்று தெளிவாகவில்லை. 1970 வாக்கில் விடை வந்தது: மைக்காலிக் அமிலம் உருவாவதையே அது நிறுத்துகிறது. 1956இல் ஒருபுறம் வேதியியலாளர்கள் வரைபடம் தீட்டிய மதிலின் கல்லைத்தான், மறுபுறம் சேத்துப்பட்டு மாத்திரை பெயர்த்துக்கொண்டிருந்தது! இன்று திருவண்ணாமலை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் கூட்டு மாத்திரையிலும் ஐசோனியாசிட் இருக்கிறது. அதிலுள்ள எத்தம்பியூட்டால், மதிலின் சர்க்கரைச் சங்கிலியை அறுக்கிறது. ஆனாலும் முற்றுகை 6 மாதம் நீள்கிறது.

நம் பஸ் நடுவில் செங்கல்பட்டைக் கடந்து வந்தது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வு தொடங்கியது. அதன் முடிவு உலகையே திகைக்க வைத்தது. அது அடுத்த வாரம்.