மாட்டுத்தோலில் உயிர்பெற்ற விண்வெளி வில்லன்

திரைப்படம், சித்திரக் கதை, கணினி விளையாட்டு ஆகியவற்றில் மூழ்கிப்போன ரசிகர்கள், தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களைத் தங்கள் கையாலேயே செய்து பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். நூலில் பின்னிய பொம்மை, சாவிக்கொத்து, களிமண் உருவம், அட்டையில் வெட்டி ஒட்டிய போர்க்கவசம் என அது பல வடிவங்களில் வரும். கோலாலம்பூரில் இதற்கான பெரிய கூடுமிடம் 2002-இல் தொடங்கிய காமிக் ஃபியெஸ்டா. டிசம்பர் மாதத்தில் கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் நடக்கும் இவ்விழாவில், இளையோர் சிறு மேசைகளைப் போட்டுத் தாங்கள் செய்தவற்றை விற்கிறார்கள்.

அங்கே காணும் பொருள்களில் பெரும்பாலானவை ஜப்பானிலோ அமெரிக்காவிலோ விற்பவற்றைப் போன்றவைதாம். இந்த நாட்டுக்கே உரிய ரசிகர் கைவினை எது என்று கேட்டால், 'பெப்பராங்கான் பிந்தாங்' என்ற நிழல்கூத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மலாயில் இதற்கு 'நட்சத்திரப் போர்' என்று பொருள். ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பாத்திரங்களைக் கிளந்தான் வாயாங் கூலிட் பொம்மைகளாக மாற்றிய முயற்சி இது.

இதைத் தொடங்கியவர் தின்தோய் சுவோ என்னும் கோலாலம்பூர் பாத்திர வடிவமைப்பாளர். ஓவியம் அவருக்குக் கைவந்த கலை. வாயாங் கூலிட் புதிது. எனவே, 'பாக் டாயின்' என அழைக்கப்படும் கிளந்தான் நிழல்கூத்து ஆசான் முகமட் டாயின் ஒத்மானை அவர் நாடினார். 1990-களில் கிளந்தான் மாநில அரசு இக்கலையைப் பொது மேடைகளில் தடுத்திருந்தது, பார்வையாளரும் குறைந்துபோயினர். அத்தகைய நிலையில் தலைநகரிலிருந்து வந்த ஒரு சினிமா ரசிகரை ஆசான் திருப்பி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ கைகொடுத்தார். 'ஃபியூஷன் வாயாங் கூலிட்' என்ற குழு உருவாகி, 2013-இல் பொம்மைகள் திரைக்கு வந்தன.

பெயர்களிலேயே வேடிக்கை தொடங்கிவிடுகிறது. கறுப்புக் கவசம் அணிந்த டார்த் வேடர், 'சங்காலா வேடே' ஆனார். லூக் ஸ்கைவாக்கருக்கு வானில் அலைபவன் என்ற பொருளில் 'பெரந்தாவ் லாங்கிட்' என்று பெயர். சி-3பிஓ, ஆர்2-டி2 என்ற இரு இயந்திர மனிதர்கள் 'சி பி லோங்', 'ஆ தூ' ஆயினர். கிளந்தான் கூத்தில் சிரிப்பு மூட்டும் பாக் டோகோல், வாக் லோங் இணையின் இடத்தில் இவர்கள் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டார்கள். பாக் டோகோல் தன் உடல் அழுக்கைத் திரட்டி வாக் லோங்கைப் படைத்தார் என்பது மரபுக் கதை. பார்வதி பிள்ளையாரைப் படைத்த கதை தெரிந்த நம்மவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பொம்மை செய்வதுதான் நீண்ட வேலை. மாட்டுத்தோலை ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். மயிரையும் சதையையும் சுரண்டி எடுத்தால், ஒளி ஊடுருவும் மெல்லிய பலகைபோல் தோல் இறுகும். அதன்மேல் உருவத்தை வரைந்து, சிற்றுளியாலும் துளைக்கருவியாலும் பூவேலைப்பாட்டை ஒவ்வொரு துளையாக வெட்டுகிறார்கள். ஆடையின் மடிப்பும் அணிகலனும் திரையில் தெரிவது இந்தத் துளைகளால்தான். பிறகு வண்ணம். கடைசியில் மூங்கில் குச்சியைப் பிளந்து அதில் பொம்மையைச் செருகிக் கட்டுவார்கள். பொதுவாக ஒரு கை மட்டுமே அசையும். மற்றதெல்லாம் ஆட்டுவிப்பவரின் மணிக்கட்டிலும் குரலிலும் இருக்கிறது. வேடரின் முகமூடியை அப்படியே படியெடுத்திருந்தால் இது வெறும் விளம்பர அட்டையாகியிருக்கும். கிளந்தான் அரசர்களின் தலையணியும் பக்கவாட்டு நிற்பும் சேர்ந்ததால்தான் இது வாயாங் ஆனது.

தமிழருக்கு இதில் வேறொரு உறவும் உண்டு. கிளந்தான் கூத்தின் மூலக்கதை இராமாயணம். இராமன் அங்கே ஸ்ரீ ராமா, சீதை சித்தி டேவி, இராவணன் மகாராஜா வானா. தமிழ்நாட்டுத் தோற்பாவைக்கூத்தும் இராமகதையையே ஆடுகிறது. பாக் டோகோலுக்கும் வாக் லோங்குக்கும் ஈடாக அங்கே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இருக்கிறார்கள். கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் இன்றும் கம்பராமாயணப் பாடல்களே தமிழில் ஒலிக்கின்றன. ரஜினிக்குப் பால் ஊற்றும் ரசிகர் கூட்டம் இந்த நாட்டிலும் உண்டு; 'கபாலி' இங்கேயே படமானது. ஒரு கபாலித் தோற்பாவை செய்ய நமக்கு ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

செய்து விற்க நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை பொதுவாகப் படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். இராமனையோ அனுமனையோ யாரும் வெட்டி விற்கலாம். 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரங்கள் 2012 முதல் டிஸ்னி நிறுவனத்துடையவை. அவற்றை வணிகமாக்க அனுமதி தேவை. சிறு அளவில் விற்போர்மீது எல்லா நிறுவனங்களும் பாய்வதில்லை, ஆனால் பாயும் உரிமை அவர்களுக்கு உண்டு.

வாயாங் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புவோர், கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டியில் ஒரே நிறுத்தம் தள்ளியிருக்கும் பசார் செனிக்குச் செல்லலாம். வாங்குமுன் பொம்மையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அசல் தோலாக இருந்தால் ஒளி கசியும், வண்ணம் மறுபுறமும் தெரியும். அட்டையாக இருந்தால் வெறும் கறுப்பாக நிற்கும்.