புது வீட்டுக்கு கரண்ட் வாங்கப் போறீங்களா? எந்த வயரிங் பேப்பர் எதுக்கு? முழு விவரம்

பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியில் வீடு கட்டினாலும் சென்னையில் கட்டினாலும் மின் பாதுகாப்பு விதி ஒன்றுதான். ஆனால், "எலக்ட்ரீஷியன் ஒரு பேப்பர் தருவார், அதைக் கொடுத்தா போதும்" என்று பலரும் அதைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பேப்பரில்தான் உங்கள் குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்பு இருக்கிறது.

புதிய இணைப்புக்கு எது?

வயரிங் நிறைவு மற்றும் சோதனை அறிக்கை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, இணைப்பு தரும் முன் மின்வாரியம் தானே சோதிக்க வேண்டும்; அல்லது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை முடிவை ஏற்கலாம். கூடுதல் லோடு கேட்டாலும் இதே நடைமுறைதான்.

யார் கையெழுத்துப் போடலாம்?

தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் மேற்பார்வையாளருக்கு 'சி', வயர்மேனுக்கு 'பி', உதவியாளருக்கு 'எச்' சான்றிதழ் தருகிறது. ஒப்பந்ததாரர் உரிமம் தனி. 'பி' சான்றிதழ் இருப்பவர் வயரிங் வேலை பார்க்கலாம். ஆனால் சோதனை அறிக்கையில் ஒப்பந்ததாரர் கையெழுத்துதான் வேண்டும். அவரது உரிம எண்ணும், உரிமம் எதுவரை செல்லும் என்பதும் சரியா எனப் பாருங்கள்.

அறிக்கையில் என்ன பார்க்கணும்?

* இன்சுலேஷன்: 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் சோதித்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.
* எர்த்: 'சரியாக உள்ளது' என்று மட்டும் எழுதினால் போதாது. அளந்த ஓம் மதிப்பு இருக்க வேண்டும்.
* ஸ்விட்ச்: ஃபேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால், ஸ்விட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.
* ஆர்.சி.டி.: வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவி. தமிழ்நாட்டில் புதிய இணைப்புகளுக்கு இது கட்டாயம். எம்.சி.பி. இருக்கே என்று விட்டுவிடாதீர்கள். அது ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு மட்டும்தான். ஆள் மீது ஷாக் அடித்தால் துண்டிப்பது ஆர்.சி.டி.தான்.

எண்களே இல்லாமல் எல்லாவற்றுக்கும் 'டிக்' மட்டும் இருந்தால், வீட்டைச் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கலாம். மெகர் வைத்து உங்கள் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள்.

பழைய வீட்டுக்கு?

இணைப்பு வாங்கிய அன்று கொடுத்த அறிக்கை அன்றைய நிலையைத்தான் சொல்லும். ஏற்கெனவே இணைப்பு உள்ள இடங்களை 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்பது விதி. பழைய வீட்டை வாங்கும்போதும், வாடகைக்கு விடும்போதும், ஏசி, போர் மோட்டார் சேர்க்கும்போதும் புதிதாகச் சோதித்து, தேதியுடன் எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தில் வாடகை வீட்டு உரிமையாளர்கள் குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி அறிக்கை எடுத்து, குடியிருப்பவரிடம் நகல் தருவது சட்டப்படி கட்டாயம்.

இவை சோதனை அறிக்கை ஆகாது

வயர் கடை பில், ஐ.எஸ்.ஐ. முத்திரை, எலக்ட்ரீஷியனின் கூலி ரசீது எதுவும் இதற்கு ஈடாகாது. உள்ளாட்சி அமைப்பு தரும் கட்டட நிறைவுச் சான்றும் வேறு. அது கட்டடம் அனுமதிப்படி கட்டப்பட்டதைத்தான் சொல்லும், வயரிங்கைச் சொல்லாது.

கடைசியாக ஒன்று

மின்வாரியத்துக்குக் கொடுக்கும் முன் அறிக்கையை ஒரு நகல் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்த சோதனையில் எர்த், இன்சுலேஷன் எவ்வளவு மோசமாகியிருக்கிறது என்று ஒப்பிட அதுதான் ஆதாரம். மின்வாரியச் சேவை தொடர்பான புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987.